ஐம்பது டிகிரி

டிரம்மின் மூடியிலிருந்து வந்த குழாயின் நுனி தண்ணீரில் முங்கியிருந்தது. ஒரு குமிழிகூட இல்லை. காலையிலிருந்து ஏழாவது முறையாகக் குனிந்து பார்த்தாள். பகலெல்லாம் காகித ஆலையில் கழிவுச் சேற்றைப் பிழிகிற வேலை, மாலையில் வகுப்பு. அங்கே படித்ததை வைத்து, இந்தச் சேற்றிலிருந்தே எரிபொருள் எடுத்துக் காட்டுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிய டிரம் இது. சேற்றில் கிடக்கும் நாரை நொதி சர்க்கரையாக்கும். சர்க்கரையை ஈஸ்ட் தின்று எத்தனால் என்ற சாராயம் ஆக்கும்; அப்போது குழாயில் குமிழி கிளம்பும். ஆலையே சேர்ந்து அவளுக்குச் 'சாராயக்காரி' என்று பெயர் வைத்துவிட்டது.

நோட்டைப் பிரித்தாள். எழுதி வைக்காத எதிலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. எழுதி வைத்ததிலும் பாதிதான். 'நொதிக்கு ஐம்பது டிகிரி, இரண்டு நாள். பிறகு ஈஸ்ட்.' நடுவில் 'ஆறவைத்தேன்' என்ற வரி இல்லை. முப்பதில் போட வேண்டிய ஈஸ்ட்டை, நேற்று வகுப்புக்கு ஓடும் அவசரத்தில், ஐம்பதிலேயே கொட்டி அவித்திருக்கிறாள்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"என்ன சாராயக்காரி, சரக்கு இறங்கலையா?"

"ஈஸ்ட்டை நானே கொன்னுட்டேன் சித்தப்பா."

பின்னாலேயே மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். "ஒண்ணும் வரலைல்ல? 'சேறு உதவாது'ன்னு எழுதிட்டேன். கையெழுத்துப் போடும்மா. லாரி நிக்குது, கொட்டிடலாம்."

"போட்டுடு," சித்தப்பா கிசுகிசுத்தார். "சேறு வந்து உன்னைக் கேக்கவா போகுது?"

பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டால் அத்தோடு சோதனை முடிந்தது. இனி யாரும் சேற்றைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 'சேறு உதவாது' என்பதை அடித்துவிட்டு, 'ஆறவைக்காமல் ஈஸ்ட் போட்டது என் தவறு' என்று எழுதினாள்.

"இது உன் ஃபைல்ல நிக்கும். தெரியும்ல?"

"நிக்கட்டும் சார். சர்க்கரை இருக்கு, காலையில சோதிச்சுப் பாத்துட்டேன். சேத்து மேல பழி போடாதீங்க."

"டிரம் போயாகணும்மா."

"அப்போ என்னையும் சேத்துத் தூக்கச் சொல்லுங்க."

வெப்பமானியை இறக்கினாள். முப்பத்திரண்டு. சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு ஸ்டோருக்குள் போனார். வரும்போது கையில் புது ஈஸ்ட் பாக்கெட். பல்லால் கிழித்து நீட்டினார். கொட்டிக் கலக்கி மூடியதும் அவள் மூடியின்மேல் ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை.

வெளியே லாரியின் ஹாரன் இரண்டு முறை அடித்தது. அப்புறம் எஞ்சின் அணைந்தது. திறந்து தொங்கிய பின்கதவின் நிழலில், டிரைவர் செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.