ரெண்டு மூடி சாஃப்ட்னர்

அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்குப் பூமிக்காவலர் என்று பெயர். வைத்தது மச்சினன். அவன் கிண்டலுக்கு வைத்தான். அவர் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

குழந்தை பிறந்த அன்றே பூமிக்காவலர் அறிவித்துவிட்டார்: கடை டயப்பர் இந்த வீட்டுப் படி ஏறாது, துணிதான். ஏழு மாதமாகத் துணிதான். அறிவிப்பு அவருடையது, பக்கெட் மனைவியுடையது. அலசி, ஊறவைத்து, துவைத்து, வெயில் பார்த்துக் காயப்போட்டது அவள். கொடியில் தொங்குவதைப் படமெடுத்துப் போட்டது அவர்.

துணிமேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. குழந்தையின் தோல் தடிக்கவில்லை, குப்பைக்கூடை நாறவில்லை. வருத்தமெல்லாம் கொடிக்குப் பக்கத்தில் நின்று போஸ் கொடுக்கிறவர்மேல்தான்.

திங்கட்கிழமை அவள் மருந்துக்கடை வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலில் குழந்தையைப் பார்க்க அத்தை ஒருத்தி வர ஒப்புக்கொண்டிருந்தாள், துணியைத் தொடமாட்டேன் என்ற நிபந்தனையோடு.

"இன்னும் ஒரு வருஷம் லீவு கேளேன். பூமிக்காகம்மா."

"பூமி வந்து என் லீவு லெட்டர்ல கையெழுத்துப் போடுமா?"

"துணி துவைக்க ஆள் வேணுமே."

"நீங்க இருக்கீங்களே."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நானே சொல்லிடறேன், நீ லீவை நீட்டிட்டேன்னு."

ஞாயிறன்று குடியிருப்போர் சங்கத்தில் அவருடைய பேச்சு. குழந்தைதான் சான்று. சான்று மணக்க வேண்டாமா? சனிக்கிழமை, வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவரே துணியை அலசி, கடைசித் தண்ணீரில் இரண்டு மூடி சாஃப்ட்னர் ஊற்றினார்.

சாஃப்ட்னர் பட்ட துணி மெழுகு பூசியதுபோல ஆகிவிடும், ஈரத்தைக் குடிக்காது. அவருடைய உரையிலேயே அது நாலாவது பாயின்ட். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது, படித்திருக்கமாட்டார். அவள் குளியலறை வாசலில் நின்று பார்த்தாள். கேட்டால் சொல்லலாம். அவர் கேட்கிற ரகமில்லை.

"இந்தத் துணியெல்லாம் யார் துவைக்கிறாங்க தெரியுமா?" என்றார் கூட்டத்தில். "நான்தான்! தினமும்!"

கைதட்டல். எல்லாரையும்விட ஓங்கித் தட்டியது அவள்தான். சங்கத் தலைவர் உருகிப்போய்க் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளை பேன்ட், கத்திபோல மடிப்பு.

பேச்சு மூன்றாவது பாயின்டில் இருந்தபோது குழந்தை தன் கருத்தைச் சொன்னது. துணி ஒரு சொட்டு குடிக்கவில்லை. எல்லாவற்றையும் பேன்ட் குடித்தது.

தலைவர் துள்ளி எழுந்தார். தலைவரின் மனைவி குழந்தையை வாங்கி, துணியைத் தடவி, முகர்ந்து பார்த்தார். "சாஃப்ட்னர் போட்டிருக்கு. யாரு துவைச்சது?"

பூமிக்காவலர் தன் மனைவியைப் பார்த்தார். ஏழு மாதத்தில் அவ்வளவு அன்பாக அவர் பார்த்ததில்லை.

"அவர்தாங்க்கா," என்றாள். "தினமும் அவரேதான். இப்பதானே சொன்னாரு."

"அப்ப நீ நிம்மதியா வேலைக்குப் போகலாமேம்மா."

"நாளைக்கே சேர்றேன்க்கா."

பூமிக்காவலர் வாயைத் திறந்தார். லீவை நீட்டும் அறிவிப்பு அதற்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும். வெளியே வரவில்லை.

திங்கள் காலை அவள் பையை மாட்டியபோது, அவர் பக்கெட் முன்னால் குந்தியிருந்தார்.

"இந்த வழவழப்பு போகவே மாட்டேங்குதே!"

"கொதிக்கிற தண்ணில நாலஞ்சு தடவை அலசணும்."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"நாலாவது பாயின்ட்ல நீங்களே எழுதியிருக்கீங்க," என்று செருப்பை மாட்டினாள். "அஞ்சாவதையும் படிச்சிருங்க. அது கறை பத்தினது."