சைவ முதலை

இதில் ஒரு சொல் பொய் என்றாலும், என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இந்த நிமிடமே உதிர்ந்து போகட்டும். அப்பேர்ப்பட்ட உண்மை இது.

ஏரியில் மிதிபடகு விடும் படகுக்காரருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான்: மாமனாரின் மாவு மில். "இந்த லீவுக்கும் ஆள் வரலேன்னா, பேசாம மில்லுல வந்து உக்காருங்க மாப்ள" என்று மாமனார் சொல்லியிருந்தார். முன்னால் அங்கே போய் உட்கார்ந்த சகலை வெள்ளையாக வெளியே வந்தார். இன்னும் பழைய நிறம் திரும்பவில்லை.

ஆண்டு தவறாமல் குடும்பத்தோடு வரும் துணிக்கடை அக்கா, போன முறை படகில் கால் வைக்கும்போது, "தம்பி, தண்ணிக்குள்ள ஒண்ணும் இருக்காதே?" என்று கேட்டுவிட்டார். அது படகுக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. வருகிறவர்கள் நிம்மதியாக ஏறட்டும் என்று, விடுமுறை தொடங்கிய காலையில், சிவப்புப் பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் கரையில் பலகை நட்டார்: 'இந்த ஏரியில் முதலை இல்லை.'

அதுவரை முதலையைக் கனவிலும் நினைக்காத கூட்டம், படித்து முடிப்பதற்குள் பாதியாகிவிட்டது. ஒருவர் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் பஸ் கூரையில் ஏறிக்கொண்டார். பதறிப்போன படகுக்காரர் அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'இப்போது இல்லை.' மீதிப் பாதியும் பறந்தது. ஐஸ் வண்டிக்காரர் வண்டியைப் போட்டுவிட்டு மணியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"ஏங்க, இல்லாத முதலைக்கு வீடு கட்டிக் குடுத்துட்டீங்களே!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா மில்லுல உங்களுக்குத் தலைக்குக் கட்டத் துண்டுகூட வாங்கி வெச்சுட்டாராம்."

"பலகையைப் பிடுங்கிடட்டுமா?"

"பிடுங்கினா, முதலை பலகையையும் முழுங்கிடுச்சும்பாங்க. குடுங்க அந்த பிரஷ்ஷை."

பழையதை அழித்துவிட்டு அவள் எழுதினாள்: 'முதலை உண்டு. சைவம்.'

மறுநாள் துணிக்கடை அக்கா, நாத்தனார், நாத்தனாரின் மாமியார் சகிதம் வந்து இறங்கினார். "இல்லைங்கறவனை எப்படிடி நம்புறது? உண்டுங்கறானே, இவன்தான் யோக்கியன்" என்று சொல்லி முன்சீட்டைப் பிடித்தார். மாமியார் மடியில் ஒரு முட்டைக்கோஸ் இருந்தது. கரை திரும்பியபோது இல்லை.

"வாங்கிக்கிச்சு," என்றார் மாமியார். "வாயைத் தொடைச்சுக்கிட்டுத்தான் போச்சு. நல்ல வளர்ப்பு."

அப்புறம் கேட்க வேண்டுமா? பார்த்தவர்கள் மற்றவர்களுக்குக் காட்ட மறுபடி வந்தார்கள். பார்க்காதவர்கள், பார்த்தேன் என்று சொல்லிவிட்ட வெட்கத்தில் மறுபடி வந்தார்கள். சுற்று வட்டாரத்தில் ஒரு கட்டுக் கீரை கிடைக்கவில்லை. மாடுகள் வந்து பலகையைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டன.

கடைசியில் மாமனாரே ஒரு முள்ளங்கியோடு வரிசையில் நின்றார். நடு ஏரியில் அவர் குனிந்து எட்டிப் பார்த்தார், முள்ளங்கி நழுவியது, 'களக்' என்று ஒரு சத்தம். கரை இறங்கியதும் நேராக மாப்பிள்ளையிடம் வந்தார்.

"மாப்ள, மில்லுக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்," என்றார் மாமனார். "அடுத்த வாரமும் எனக்கு முன்சீட்டு. அதுக்குக் கேரட்டுதான் உசுராம், காதுல சொல்லிச்சு."

படகுக்காரர் சந்தோஷம் தாங்காமல், படகு இல்லாமலே ஏரியை ஒரு சுற்று மிதித்துவிட்டு வந்தார்.

அந்த ஏரியைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டியது, படகுக்காரர் பிறப்பதற்கு முன்பு.