ஒரு மனைக்கு ஒரு அடுப்பு

வக்கீல் அம்மா பத்திரத்தின் நடுப்பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தி, அந்த வரியை இரண்டு தரம் படித்தார். முதல் தரம் தனக்கு. இரண்டாம் தரம் எதிரே உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கு. ஒரு மனையில் ஒரே வீடு, அந்த வீட்டில் ஒரே சமையலறை. நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்ற பழைய கம்பெனி போட்ட நிபந்தனை. கம்பெனியை எப்போதோ இழுத்து மூடியாகிவிட்டது. நிபந்தனை மட்டும் குத்துக்கல்லாக நிற்கிறது. யார் வாங்கினாலும் அவர்களைக் கட்டும். மீறினால், அக்கம்பக்கத்து மனைக்காரர் எவர் வேண்டுமானாலும் கோர்ட்டுக்குப் போய் இடிக்கச் சொல்லலாம்.

மூத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரும்புக் கடை முதலாளி. கடையில் காட்டுகிற அதிகாரத்தை வீட்டிலும் காட்டிப் பழகியவர். கட்டப்போகிற வீட்டில் தம்பி குடும்பம் மாடியில் தனி அடுப்பு வைக்கப்போகிறது என்பது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். அதைச் சட்டமே எடுத்துப்போட்டுவிட்டது. குடும்பம் என்றால் ஒன்றாகத்தான் சாப்பிட வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறதே என்றார். பத்திரத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று வக்கீல் அம்மா சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

அவர் தம்பி மனைவிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? சேர்ந்து வீடு கட்ட அவள் கேட்டது ஒன்றே ஒன்று, தனிச் சமையலறை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு அவள் வீடு திரும்பும்போது, மூத்தவர் மனைவி, அவள் ஓரகத்தி, சமையலறை வாசலில் நின்று, "அடுப்பு தொடைச்சாச்சு" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. பிள்ளைக்கு ஒரு முட்டை பொரிக்கவும் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். எண்ணெய்ப் பாத்திரம் அரை சாண் தள்ளியிருந்தால் மறுநாள் முழுக்க மூஞ்சி தூக்கல்.

கட்டட என்ஜினியர் சிரித்துக்கொண்டே ஒரு வழி சொன்னார். வரைபடத்தில் மேலே 'ஸ்டோர் ரூம்' என்று எழுதிவிடலாம். தண்ணீர்க் குழாயும் புகைபோக்கியும் சத்தமில்லாமல் வைத்துவிடலாம். அந்தத் தெருவில் எல்லாரும் செய்திருப்பது அதுதான். அவள் புருஷனுக்கு உயிர் வந்தது. மூத்தவர்கூட, ஊர் பார்க்க ஒரே சமையலறை என்றால் போய்த் தொலையட்டும் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அவர் கணக்கு வேறு. திருட்டு அடுப்பு என்றால் எப்போது வேண்டுமானாலும் அதைக் காட்டி மிரட்டி அடக்கி வைக்கலாமே.

"முடியாது," என்றாள் அவள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத்தனை வருஷம் அந்த வீட்டுல பதுங்கிப் பதுங்கிச் சமைச்சது போதும். என் வீட்டுலயும் திருடி மாதிரி சமைக்க என்னால ஆகாது. பிளான்ல 'சமையலறை'னு எழுதுங்க. எழுத முடியலன்னா நான் கையெழுத்து போடல."

மனை இரண்டு மருமகள்கள் பெயரிலும் இருந்தது. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. புருஷன் அவள் முழங்கையைத் தொட்டான். அவள் கையை இழுத்துக்கொண்டு, இந்த நிபந்தனையை நீக்க வழியே கிடையாதா என்று வக்கீல் அம்மாவைக் கேட்டாள். இருக்கிறது என்றார் அவர். அங்கே மனை வைத்திருக்கிற அத்தனை பேரும் எழுத்தில் சம்மதித்துப் பதிவு செய்தால் நீங்கும். ஒருத்தர் மாட்டேன் என்றாலும் நடக்காது. உங்கள் மனைக்கு மருமகள்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நடக்கிற காரியமா என்று மூத்தவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளைத் தெருவில் இறக்கியது.

வேலை முடிந்து தினமும் அந்தத் தெருவுக்குப் போனாள். முதல் வீட்டில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். தன் வீட்டில் ஒரே ஒரு சமையலறைதான் என்று அவர் அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாடியில் குக்கர் விசில் அடித்தது.

"அது ஸ்டோர் ரூம்," என்றார்.

ஸ்டோர் ரூம் இன்னொரு விசில் அடித்தது.

அவள் சிரிக்கவில்லை. நாளைக்கே சாக்கடைத் தண்ணீருக்கோ வண்டி நிறுத்துகிற இடத்துக்கோ பக்கத்து வீட்டோடு சண்டை வந்தால் அந்த ஸ்டோர் ரூம் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டாள். நிபந்தனை போனால் எனக்கு மட்டுமா விடிவு, உங்களுக்கும்தானே என்றாள். மனுஷர் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் வேலை சுலபமாகிவிட்டது. எல்லார் மடியிலும் கனம் இருந்தது. சிலர் காபி கொடுத்தார்கள். சிலர் கதவையே திறக்காமல் நாலு நடை நடக்கவிட்டார்கள். பிளானில் எழுதுகிற ஒரு வார்த்தைக்கு ஏன் இந்த வீம்பு என்று ஒருத்தி கேட்டதற்கு, வீம்புதான், அதனால் என்ன என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் அவளும் போட்டாள்.

மிச்சம் இருந்தது சொந்த வீடு.

தாளைக் கூடத்து மேஜையில் வைத்தாள். தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை ஓரகத்தி பக்கம் தள்ளினாள். மூத்தவர் பேனா மேல் கையை வைத்துவிட்டார். தன் குடும்பத்தில் ரெண்டு அடுப்பு எரியாது, தன் பெண்டாட்டி இதில் கை வைக்கமாட்டாள் என்று பொரிந்து தள்ளினார். இளையவளுக்கும் அதில் சந்தேகம் இல்லை. சமையலறைக்கே ராணி, ராஜ்யத்தில் பாதியைக் கொடுப்பாளா? ஊரையே வளைத்துவிட்டு சொந்த வாசலில் தோற்றுப்போனோம் என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஓரகத்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மேல இருக்கிறது உனக்கு. கீழ இருக்கிறது எனக்கு மட்டுமா?"

"உங்களுக்கு மட்டும்தான் அக்கா."

"அப்ப உங்க மூணு பேருக்கும் நான் வடிக்க வேண்டாம்."

"வேண்டாம்."

ஓரகத்தி தன் புருஷன் கையை, ஈ ஓட்டுகிற மாதிரி, பேனா மேலிருந்து விலக்கினாள். அந்த வீட்டில் அப்படி ஒன்று நடந்து யாரும் பார்த்ததில்லை.

"உங்களுக்கென்ன, ஒண்ணா உக்காந்து சாப்பிடுவீங்க," என்றாள் அவரிடம். "ஒண்ணா நின்னு சமைக்க யாரு வந்தா?" பிறகு இளையவளிடம் திரும்பினாள். "நீ வெளிய போய்ட்டு வந்து நிப்ப. காலைல இருந்து அங்கயே நிக்கிறவ அடுப்பத் தொடைச்சிட்டு எப்ப உக்காருவான்னு ஒரு நாளாவது கேட்டியா?"

வீடு வீடாக அத்தனை பேரிடம் பேசிய இளையவளின் வாய், தன் வீட்டில் ஓரகத்தியிடம் ஒரு நாளும் மனசுவிட்டுப் பேசியிருக்கவில்லை.

ஓரகத்தி உட்கார்ந்தாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிப் புருஷன் சட்டைப் பையில் செருகினாள்.

"ஒண்ணு சொல்லிட்டேன்," என்றாள் தாளை இளையவளிடம் நீட்டி. "உன் புகை என் ஜன்னலுக்கு வந்துச்சு, முதல் கேஸ் நான்தான் போடுவேன்."