சாய்ந்த புகைபோக்கி

மூன்று வாரத்துக்கு முன் நிமிர்த்திய புகைபோக்கியை மறுபடி சாய்ப்பதற்காக ஈனாக் கார்சைட் அந்தக் குடிசைக்கு வந்திருந்தான். நிமிர்த்தியதெல்லாம் படத்தில்தான். கூரைமேல் அது எப்போதும்போலச் சாய்ந்தே நின்றது.

ஸர்ரே கிராமங்களை நீர்வண்ணத்தில் வரைந்து லண்டன் பதிப்பகத்துக்குக் கொடுப்பது அவன் பிழைப்பு. ஆறு வருஷத்துக்கு முன், சாய்ந்த புகைபோக்கியில் புகை எழுவதுபோல் அவன் போட்ட இந்தக் குடிசைப் படம் ஒரு புத்தகத்தின் முகப்பில் வந்தது. அதிலிருந்து ஞாயிறானால் லண்டன்காரர்கள் புத்தகமும் கையுமாக வேலியோரம் நின்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரப் பண்ணையாருக்கு ஒரே பெருமை. “அந்தச் சாய்வுமேல ஒருத்தனும் கை வைக்கக் கூடாது” என்று கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டார். புகைபோக்கிக்குள்ளே விரிசல். நெருப்பு மூட்டினால் பொறி கூரை வைக்கோலில் ஏறும். இரண்டு குளிர்காலமாகக் கணப்பு இல்லை. அங்கே குடியிருந்த ஜேபஸ், சுண்ணாம்புச் சூளையில் நெஞ்சைத் தீய்த்துக்கொண்டவன், உள்ளே இருமிக்கொண்டு கிடந்தான்.

யோசனை சொன்னது ஜேபஸின் பெண்டாட்டி கெசையா. “இத்தனை பொய் வரைஞ்சீங்களே, எங்களுக்காக இன்னொண்ணு வரையுங்க. புதுப் படத்துல அது நிமிர்ந்து இருந்தா, நெசத்தையும் நிமிர்த்தச் சொல்லிருவாரு பண்ணையார்.”

ஈனாக்கும் அடுத்த புத்தகத்துக்கு அப்படியே வரைந்தான். பதிப்பகம் திருப்பி அனுப்பிவிட்டது: சாய்வுதான் வாசகர்களுக்குப் பிடிக்கிறது, பழையபடி ஆக்கித் தரவும்.

இப்போது அவள் உருளைக்கிழங்கு தோண்டிய மண் கையோடு எதிரில் நின்றாள்.

“முடியாதுன்னு சொல்லக் கூடாதா, படக்காரரே?”

“அறுபது படத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேம்மா. நான் மாட்டேன்னா இன்னொருத்தன் வந்து இங்கயே உக்காருவான்.”

“வரட்டும். அவனையாவது மனசாரத் திட்டலாம்.”

ஈனாக் பதினெட்டு வயதுவரை அப்பனோடு கல்குவாரியில் ஜல்லி உடைத்தவன். இதை விட்டால் அந்தக் கைக்கு என்ன வேலை கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

உள்ளிருந்து ஜேபஸ் கத்தினான்: “ஏய், அந்தாள்கிட்ட என்னையும் படத்துக்குள்ள போடச் சொல்லு! அங்கதான் கணப்பு எரியுதாம்!” சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

ஈனாக் பஞ்சைத் தண்ணீரில் நனைத்தான். நேரான செங்கல்லின் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சில் ஏறியது. காகிதம் காயும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு கோணலாக வரைந்தான். கை தானாகப் போயிற்று, ஒரே இழுப்பு.

வானத்துக்கு நீலம் பூசினான். அந்த ஈரத்தில் பஞ்சை ஒற்றி எடுத்தால் வெள்ளையாகப் புகை வந்துவிடும். பஞ்சைப் பிழிந்துவிட்டு நிறுத்தினான்.

“புகை போடாம விட்டுரட்டுமா? அதுவாவது பொய் இல்லாம இருக்கட்டும்.”

கெசையா கையிலிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தாள்.

“போடுங்க. அது இல்லேன்னு பதிப்பகத்துக்காரன் மறுபடி திருப்பி அனுப்புவான். நீங்க மறுபடி வந்து என் கண்ணு முன்னால உக்காருவீங்க.”

வானம் காய்ந்துகொண்டிருந்தது. அவன் பஞ்சை ஒற்றினான்.