நாலே நாலு ஓட்டை

...நாலே நாலு ஓட்டை, அதற்கா இவ்வளவு யோசனை என்று சிரித்துக்கொண்டே துளைபோடும் மெஷினைக் கொடுத்துவிட்டுப் போனாள் மேல்வீட்டு வீப்கே, சிரிப்பாள், அவளுக்கென்ன, முப்பத்தொரு வருஷம் எக்கார்ட்டோடு குடித்தனம் பண்ணியவளா அவள்? ஆல்முட் சமையலறையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே கால். மூன்று மணி வரை மதிய ஓய்வு நேரம், கட்டடத்தில் யாரும் துளைபோடக் கூடாது, கீழே வாசலில் அறிவிப்பு இருக்கிறது, அதை ஒட்டியவனே எக்கார்ட்தான்... மூன்றடிக்க ஏழு நிமிஷம் இருக்கும்போது வீப்கே அலமாரி மாட்டினாள் என்று வீட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் போட்ட மகராசன். இப்போதே துளைத்தால் யார் புகார் எழுதப் போகிறார்கள்? எழுதக்கூடிய ஒரே ஆள் உள்ளறையில் தன் புருஷனாக மல்லாந்து கிடக்கிறான், வலது கை விழுந்து ஐந்து மாதமாகிறது.

“ஆல்முட்! மணி என்ன?”

“ரெண்டே கால். பொறுத்துக்கோ. நீ போட்ட சட்டம்தானே.”

உள்ளே கேட்கும்படி கத்தித்தான் சொன்னாள். மேஜைமேல் இரண்டு பெட்டிகள், ஒன்றில் டிவியைச் சுவரில் மாட்டும் இரும்புச் சட்டம், மற்றதில் ஸ்டாண்டு, எது வேண்டாமோ அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சுவரில்தான் மாட்ட வேண்டும் என்று காலையில் வரும் நர்ஸ் சொல்லிவிட்டாள், அவனால் தலையைத் தூக்க முடியாது, காதும் மந்தம், படத்தின் அடியில் ஓடும் எழுத்தைப் படித்துத்தான் செய்தியே புரியும். ஸ்டாண்டில் வைத்தால் கட்டிலின் கால்மாட்டுப் பலகை அந்த எழுத்தை மறைக்குமா? மறைக்கும். நேற்று நர்ஸ் அவனைக் குளியலறையில் குளிப்பாட்டிய நேரத்தில், பெட்டியில் போட்டிருந்த ஸ்டாண்டு உயரத்தை அளந்துவிட்டு, இவளே அவன் தலையணையில் தலை வைத்துப் பார்த்தாள், கச்சிதமாக அந்த ஒரு வரியை மட்டும் மறைக்கிறது. அதை ஏன் நர்ஸிடம் சொல்லவில்லை? சொல்லியிருக்கலாம்... வாடகை வீடு, காலி செய்யும்போது சுவர் வந்த நாளில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று ஓர் ஆணிகூட அடிக்க விட்டானா இவன்? கண்ணாடியைத் தரையில் சாய்த்துவைத்து முப்பத்தொரு வருஷம் குனிந்து குனிந்து முகம் பார்த்தவள் இவள். இப்போது அவனுக்கு மட்டும் நாலு ஓட்டை வேண்டுமாம். இலையுதிர்காலம் வரை தாங்கினால் பெரிது என்றார் டாக்டர், அதற்கப்புறம் அடைத்து, பூசி, திட்டுத் தெரியாமல் சுவர் முழுக்க வெள்ளையடிப்பது யார், இவள்தானே. சீ, என்ன நினைப்பு இது, மனுஷியா நான்? வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

தேவாலய மணி மூன்றடித்தது. துளைபோடும் மெஷினைத் தொட்டாள், கனத்தது, விட்டுவிட்டு ஸ்டாண்டு பெட்டியைப் பிரித்தாள். இருபது நிமிஷத்தில் பூட்டி, டிவியை ஏற்றி, உள்ளே உருட்டிக்கொண்டு போனாள். அவன் சுவரைப் பார்த்தான், ஸ்டாண்டைப் பார்த்தான், இவளைப் பார்த்தான்.

“சுவத்துல... மாட்டலயா?”

“இது வெறும் அட்டைப் பலகைச் சுவர். தாங்காது.” குரலை உயர்த்தித்தான் சொன்னாள்.

செங்கல் சுவர். அவனுக்குத் தெரியாதா? இந்த வீட்டின் ஒவ்வொரு சுவரையும் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தவன், அலமாரிமேல் ஒரு படம் கோணலாக நின்றால் சாப்பாட்டில் கை வைக்காதவன், இப்போது கத்துவான், கத்தட்டும், கத்தினால் மாட்டிவிடுவேன் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்...

“ஆமா,” என்றான். “தாங்காதுதான்.”

டிவியைப் போட்டாள். யாரோ வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள், அந்த வரி பலகைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. “எழுத்து தெரியுதா?”

“தெரியுது. நல்லாத் தெரியுது, ஆல்முட்.” சிரிக்கவும் பார்த்தான், வாயின் ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தது.

பயப்படுகிறான். இவளைப் பார்த்தா? இவளைத்தான், ராத்திரிச் சூப்பை ஊட்டுவதும் படுக்கை நனைந்தால் மாற்றுவதும் வேறு யார்... அழுகை வரும் என்று கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. இனித்தது, வெளியே சொல்ல முடியாத மாதிரி இனித்தது, இன்னும் எதற்கெல்லாம் ஆமா என்பான் என்று யோசித்தபடியே போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.