வடக்குப் பக்கத்து வெயில்

வடக்கே பார்த்த ஜன்னலுக்குள் உச்சி வெயில் நுழையும் அதிசயத்தைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வெயில் எட்டிப் பார்க்காத அறை என்பதற்காகவே, வாடகை கூடுதலானாலும் பரவாயில்லை என்று இந்த வீட்டைப் பிடித்தோம். என் கணவர் மின்சாரப் பேருந்து ஓட்டுகிறார். எப்போதும் இரவுப் பணிதான். ஊர் விழித்திருக்கும்போது அவர் தூங்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் இருட்டும் குளிர்ச்சியும் போதும். இரண்டும் இருந்தன, எதிரே அந்தக் கண்ணாடிக் கட்டடம் எழும்பும் வரை.

அது சாதாரணக் கட்டடம் இல்லையாம், பசுமைக் கட்டடமாம். வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மாடிக்கு மாடி செடி, மேலே சோலார், எதிர்கால நகரத்துக்கு முன்மாதிரி என்று விருது வேறு. அந்த விருதைத் தூக்கிக்கொண்டு போய்... வேண்டாம், என் வாய் கெட்டுவிடும். எங்களைப் பார்த்த சுவர் முழுக்கப் பளபளவென்று கண்ணாடி. அதில் படும் வெயில் அப்படியே எங்கள் படுக்கையறைக்குள் பாய்கிறது. கனமான திரை தைத்துப் போட்டேன். வெளிச்சம் குறைந்தது, சூடு குறையவில்லை. மனிதர் ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு புரண்டு புரண்டு படுப்பார். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு விசிறிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் இரவு ஒரு திருப்பத்தில் அவருக்குக் கண் சொக்கிவிட்டது. பேருந்து சாலையின் நடுச்சுவரை உரசிக்கொண்டு நின்றது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும் என்று டிப்போ மேலாளர் சொல்லிவிட்டார். வேலை கிடக்கட்டும். பின்னால் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்களே!

நேராக எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். சுற்றுச்சூழல் அதிகாரி என்று ஒருவரிடம் அனுப்பினார்கள். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர்தான். அதனால் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

"இது ஸ்பெஷல் கண்ணாடிம்மா. வெயிலை உள்ள விடாது. ஏசி செலவே பாதியா குறைஞ்சிருக்கு."

"உள்ள விடாம என்ன பண்ணுது?"

"திருப்பி அனுப்பிடும்."

"எங்க?"

"வெளியதான்."

"நாங்கதான் சார் அந்த வெளிய."

அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, மேலிடத்தில் சொல்கிறேன் என்றார். நானும் செருப்புத் தேய நடந்தேன். போகும்போதெல்லாம் தண்ணீர் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. துணி போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக நான் ஓர் ஆளுயரக் கண்ணாடி வைத்திருக்கிறேன். கொழுந்தனைக் கூப்பிட்டு அதை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "அண்ணி, போலீஸ் வந்தா இந்தப் பொம்பளை யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன்" என்றபடியே அவன் அதைச் சாய்த்துப் பிடித்தான். அந்தக் கட்டடத்தின் வரவேற்பறைக்கு மட்டும் சாதாரணக் கண்ணாடி. வருகிற பெரிய மனிதர்களுக்கு உள்ளே இருந்து தோட்டம் தெரிய வேண்டுமாம். வெயிலை நேராக அதற்குள் இறக்கினோம்.

மாதக்கணக்கில் அசையாதவர்கள், நாங்கள் மாடியிலிருந்து இறங்குவதற்குள் வாசலில் நின்றார்கள். அதிகாரிக்கு மூச்சு வாங்கியது.

"உள்ள யாராலயும் கண்ணைத் திறக்க முடியலம்மா. விருந்தாளிங்க வேற வந்திருக்காங்க. நீங்க செய்றது சரியில்ல."

"எங்க வீட்டுக்கு வெயில் வேண்டாம் சார். அதான் திருப்பி அனுப்பிட்டேன்."

விடவில்லை நான். அதிகாரியைப் படுக்கையறைக்கே அழைத்துப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்திலேயே அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என் கணவர் முகத்துத் துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். அதிகாரியை உற்றுப் பார்த்தார்.

"சார், நீங்க கடைசி வண்டியில வருவீங்கல்ல?"

"ஆமா. எனக்குக் கார் கிடையாது. கொள்கையா வச்சிருக்கேன்."

"தெரியும் சார். ஏறினதும் பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கிடுவீங்க. ஸ்டாப் வந்ததும் ஹாரன் அடிச்சு எழுப்புறது நான்தான். அன்னைக்கு வண்டி சுவத்துல உரசினப்போ திடுக்குனு முழிச்சு, என்னாச்சுன்னு கேட்டீங்களே. தூங்கிட்டேன் சார். வேற ஒண்ணும் ஆகல."

அதிகாரி அந்த ஜன்னலைப் பார்த்தார், என் கணவரின் சிவந்த கண்ணைப் பார்த்தார். "கண்டிப்பா ஏதாவது பண்றேன்" என்று எழுந்தார். முகத்தைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கே கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகும் வெயில் வந்தது. தினமும் தவறாமல் வந்தது. ஒருநாள் காலையில் பணி முடிந்து வந்த கணவரிடம், அந்த சார் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"அவரு இப்பல்லாம் பஸ்ல வர்றதில்ல. கார் வாங்கிட்டாரு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆக, புரியாமல் இல்லை. ஆபத்து எங்கே இருக்கிறது, யார் உயிருக்கு இருக்கிறது, எல்லாமே அந்த மனிதருக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டு தன் உயிரை மட்டும் பத்திரமாக இறக்கிக்கொண்டு போயிருக்கிறார். கொள்கையாம், கொள்கை!

"இன்னைக்கு வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க" என்று கத்தினேன். "நான் தூங்கி நாளாச்சு, என்னைத் தூங்க விடாதவங்க இவங்கதான்னு சொல்லுங்க."

"சொன்னா எல்லாரும் இறங்கிடுவாங்க."

"இறங்கட்டுமே!"

அவர் ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"இறங்கி எதுல போவாங்க? அவங்ககிட்ட கார் இல்லையே."