'ம்' கொட்டியதற்கு விளக்கம்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் மூன்றாவது இருக்கை அவளுடையது. பதினோரு வருடமாக அதே நாற்காலி, எதிரே அதே கண்ணாடிச் சுவர். மேற்பார்வையாளர் உட்பட எல்லாருக்கும் அவள் அக்காதான்.

போன மாதம் ஒரு தாய் அழைத்தாள். குழந்தைக்கு மூச்சு நின்றிருந்தது. நெஞ்சை அழுத்தும் முறையைச் சொல்லிக்கொண்டே அக்கா தன் சாமியின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். குழந்தை பிழைத்தது. தாய் அதை ஊரெல்லாம் சொல்லி நன்றி பாராட்ட, வினை அங்கேதான் தொடங்கியது. அவசர அழைப்பில் சாமி எதற்கு என்று புகார் வந்தது. அதே சாமியைக் கும்பிடுகிறவர்கள் வீடு தேடி வந்து அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். இனிப் பணியில் எந்தத் தெய்வத்தின் பெயரையும் உச்சரிப்பதில்லை என்று அலுவலகம் எழுதி வாங்கியது. அதைக் கேள்விப்பட்டதும் படம் எடுத்தவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"சாமிய விட்டுக் குடுத்துட்டியே அண்ணி," என்றாள் நாத்தனார்.

"வேலைய விட்டுட்டு நான் எங்க போய் உக்கார்றது?"

அதற்குப் பிறகு அவளுடைய அழைப்புகளை மேற்பார்வையாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கத் தொடங்கினார். கூடவே 'கடவுளே' என்று வாயில் வந்துவிடுமோ என்று அக்கா தும்மலைக்கூட அடக்கினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளத்தில் கவிழ்ந்த காருக்குள்ளிருந்து ஒருவன் அழைத்தான். கால் மாட்டிக்கொண்டிருந்தது.

"வண்டி கிளம்பிருச்சு தம்பி. பன்னெண்டு நிமிஷம். கால இழுக்காத. ரத்தம் வர்ற எடத்த துணி வச்சு அழுத்திப் பிடி."

கொஞ்ச நேரத்தில் அவன் குரல் கம்மியது. "அக்கா, எனக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கிறீங்களா?"

மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்த்தார். மாட்டேன் என்று சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. சரி என்றால் வேலை போகும்.

"நீ சொல்லு தம்பி. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

அவன் சொன்னான். அது வேறு மதத்தின் வேண்டுதல். அவளுக்கு ஒரு வரிகூடத் தெரியாது. மூச்சு வாங்கி அவன் நின்ற இடத்திலெல்லாம் அவள் 'ம்' கொட்டினாள். ஒருமுறை வெகுநேரம் சத்தமே இல்லை.

"ம்? அப்புறம்?"

தொடர்ந்தான். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். நாலாவது தடவை சொல்லும்போது கதவை வெட்டும் ஓசை கேட்டது. யாரோ ஃபோனை வாங்கி, "ஆளு முழிச்சிருக்காருங்க," என்று சொல்லி வைத்தார்கள்.

மேற்பார்வையாளர் அருகில் வந்தார். "அக்கா, அந்த 'ம்' எதுக்கு?"

"மயங்கிடக் கூடாதேன்னு சார்."

"எனக்குத் தெரியுது. பதிவக் கேக்கறவங்களுக்கு, நீங்களும் வேண்டிக்கிட்ட மாதிரி இருக்கும். உங்க ஆளுங்களே சண்டைக்கு வருவாங்க." அவர் பொல்லாதவர் இல்லை, அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "ஒரு விளக்கம் எழுதிக் குடுத்துருங்க."

தான் அந்த வேண்டுதலில் சேர்ந்துகொள்ளவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சேர்ந்துகொண்டாளா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. அதுதான் நாள் முழுக்க உறுத்தியது.

மாலையில் வீட்டில் கும்பிட நின்றாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

"சத்தமாவே சொல்லேன்," என்றார் கணவர். "இங்க யாரு கேக்கறா?"

அவள் திரும்பி ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். அப்போதும் வரவில்லை.